கைராசி

டாக்டரம்மா ஜஹானாரா அவர்களுக்கு,

நேற்றைய வகுப்பில் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள் அல்லவா, அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. உப்பு. நோய் வந்தவள் வைக்கிற ரசத்தில் உப்பு கூடிப்போகும், இல்லாவிட்டால் அடியோடு இருக்காது. அதையே அவளும் சாப்பிடுவாள், வித்தியாசம் தெரியாது. தூக்கம் கெடுவது, பேச்சு குறைவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அடுத்த மாத முகாமில் கிராமத்துப் பெண்களுக்கு இதையும் சொல்லுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

வகுப்பில் நான் சொன்ன பதில்களைக் கேட்டு, "ஒரு கம்பவுண்டருக்கு இவ்வளவு எப்படித் தெரியும்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரித்தீர்கள். நேரில் பதில் சொன்னால் நடுவில் நிறுத்திவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இந்தத் திருவண்ணாமலையில் பதினெட்டு வருஷமாக ஊசி போடுகிறேன். முதலில் டாக்டர் கோதண்டராமனிடம் இருந்தேன். அவர் போட்டால் வீறிட்டு அழுகிற குழந்தை, நான் போட்டால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். "அருணகிரி கையால போட்டாத்தான் காய்ச்சல் உடுது" என்று செங்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். கைராசிக்காரர் என்று பேர். அந்தப் பேர் எடுப்பது லேசான காரியமில்லை, டாக்டரம்மா. டாக்டர் பட்டத்தைக் காலேஜில் கொடுப்பார்கள். இதை ஜனங்கள் கொடுக்க வேண்டும்.

1977 ஐப்பசியில் என் பையன் தருமனுக்குப் பத்து மாதம். காய்ச்சல், நெஞ்செல்லாம் சளி. டாக்டர் வேலூர் போயிருந்தார். நானே பென்சிலின் எடுத்துக்கொண்டு மத்தியானம் அடி அண்ணாமலையில் இருக்கும் வீட்டுக்கு வந்தேன். பென்சிலின் போடுவதற்கு முன்னால் முன்கையில் ஒரு துளி போட்டு, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, கால் மணி நேரம் பார்க்க வேண்டும். தடித்துச் சிவந்தால் அந்த ஊசி கூடாது. உங்களுக்குத் தெரியாததல்ல. இந்தக் கடிதத்தை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊசி போட்டு ஐந்து நிமிஷத்தில் குழந்தை போய்விட்டது. விதி என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

என் மனைவி உண்ணாமலைக்கு அதன் பிறகு வந்ததுதான் நீங்கள் எழுதிப்போட்ட நோய். உப்பில் ஆரம்பித்தது. அப்புறம் தலை வாருவதை விட்டாள், குளிப்பதை விட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் வர நான்கு நாள் ஆகும், அல்லது வரவே வராது. கோதண்டராமன் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "பேயும் இல்ல பிசாசும் இல்ல அருணகிரி. இது நோய். மாத்திரை இருக்கு. மூணு வாரம் ஒண்ணும் தெரியாது, பயந்துடாதே." அவளிடமும் குனிந்து சொன்னார். "இத மட்டும் உடாம சாப்பிடும்மா, நல்லாயிடுவே."

நல்லாகிவிட்டாள். இருபத்து நான்காம் நாள் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பத்து நாள் கழித்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, கடைசியா கொழந்தைய நாந்தான குளிப்பாட்டனேன். அப்போ கையில பேனா வட்டம் இல்லீங்களே. பொதைக்கத் தூக்கினு போகச்சொல்ல எப்பிடி வந்தது?"

கோபமாகக் கேட்கவில்லை. வைத்த சாமானைக் காணோமே என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். கம்பவுண்டர் பெண்டாட்டி அல்லவா, வட்டம் எதற்கென்று அவளுக்குத் தெரியும்.

"ஒடம்பு சரியில்லாதப்போ உனக்கு ஏதேதோ தோணியிருக்கும்" என்றேன்.

"ஒடம்பு சரியானப்புறம்தாங்க ஞாபகம் வருது."

யோசித்துப் பாருங்கள். மாத்திரை குணமாக்குகிறது. குணமானால் ஞாபகம் வருகிறது. அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படி உயிர் வாழ்வாள்? நோயிலாவது ஒரு அமைதி இருந்தது. தவிர, அவள் இன்னும் ஒரு மாதம் தெளிந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பொரிக்கடைக் காசியம்மாளிடம் கேட்டிருப்பாள். காசியம்மாளுக்குத் தெரிந்தால் கிரிவலப் பாதை முழுக்கத் தெரியும். எத்தனை குழந்தைகளின் தாய்மார் என்னை நம்பியிருந்தார்கள்!

மறுநாள் மாத்திரையை மாற்றினேன். அதே நிறம், அதே பருமன், வெறும் சத்து மாத்திரை. கெடுதல் எதுவும் கொடுக்கவில்லை.

மூன்று வாரத்தில் ரசத்தில் உப்பு போயிற்று. அப்புறம் பேச்சு போயிற்று. காலையில் வாசலில் மலையைப் பார்த்து உட்கார்ந்தால் அந்தி வரைக்கும் அசைய மாட்டாள். வலது விரல் மட்டும் இடது முன்கையில் வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் பார்த்தார்கள், நின்றார்கள், விழுந்து கும்பிட்டார்கள். காசியம்மாள்தான் அர்த்தம் சொன்னாள். "ஐயா, உங்க ஊட்டம்மா மலை சுத்தறதத்தான் கையில காட்டறாங்க. சாதாரண ஆளில்லீங்க." இந்த ஊரில் பேசாமல் உட்கார்ந்தவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற வழக்கம் கம்மி. நானும் மறுக்கவில்லை.

கோதண்டராமன் கேட்டுக்கொண்டே இருந்தார். "மாத்திரை ஒழுங்கா போறதாய்யா?"

"தவறாம சாப்பிடறா சார்."

உண்மையைத்தான் சொன்னேன். அவர் இரண்டாக்கினார், பிறகு மூன்றாக்கினார். நானும் மூன்று கொடுத்தேன். வேலூர் கொண்டுபோய்க் கரண்டு வைத்தியம் செய்யலாம் என்றார். "இந்தப் பௌர்ணமி கழியட்டும் சார்" என்றேன். அப்படி ஐந்து பௌர்ணமி கழிந்தது.

கடைசியாக அவள் பேசியது ஆனியில். மூன்று மாத்திரையையும் விழுங்கிவிட்டு, தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்தபடி, "இந்த வாட்டி நாளாவுதுங்க" என்றாள்.

"நாளாவும்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றேன். தலையை ஆட்டினாள்.

ஆடி மாதம் போய்விட்டாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். உண்ணா நோன்பு இருந்து அடங்கினாள் என்று மாலை போட்டார்கள். எங்கெங்கிருந்தோ வந்தார்கள்.

ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் பௌர்ணமியில் என் வீட்டைத் தாண்டுகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று, தங்கள் முன்கையில் விரலால் வட்டம் போட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கட்டிக்கொள்ளப் போகிற பெண்கள், எல்லாரும். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். சாத்தினாலும் எத்தனை கை என்று தெரிகிறது. சாப்பிட உட்கார்ந்தால் என் விரலே சில நாள் அந்த வேலையைச் செய்கிறது. தட்டுக்கு அடியில் கையை ஒளித்துக்கொள்கிறேன். எனக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லை. ரசத்தில் உப்பு மட்டும் கொஞ்ச நாளாகத் தெரிவதில்லை.

நேற்று நீங்கள், "இது தீரக்கூடிய நோய். மருந்தை நிறுத்தாமல் இருந்தால் போதும்" என்றீர்கள். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை, எனக்கு அது முன்னமே தெரியும்.

இந்தக் கடிதத்தைப் போலீஸில் கொடுப்பதானால் கொடுங்கள். டெஸ்ட் ஊசி போடவில்லை. என் கைக்கு அது தேவைப்படும் என்று அன்றைக்கு வரை நான் நினைத்ததில்லை. வட்டத்தைக் குளிப்பாட்டிய பிறகு நான்தான் போட்டேன். அதற்குள் பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது, தோலில் ஈரம், மை பிடிக்கவில்லை. இரண்டு தடவை போட வேண்டியிருந்தது. மாத்திரையை மாற்றியதும் நான்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மாதம் யார் சோறு ஊட்டப் போனாலும் உண்ணாமலை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெற்ற தாய் வந்து கெஞ்சியும் வாயைத் திறக்கவில்லை. நான் மாத்திரையோடு வந்தால் மட்டும், கேட்காமலே வாயைத் திறப்பாள். சாகிற அன்றைக்குக் காலையிலும் திறந்தாள். என் கைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கைராசி என்று ஜனங்கள் சொல்வது பொய்யில்லை, டாக்டரம்மா.

இப்படிக்கு,
அருணகிரி, கம்பவுண்டர்.