தறிமேடையில் பீடி இல்லை

வாலாஜாபாத் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு நெசவாளியும் மனைவியும். குடியை நிறுத்தும் சிகிச்சையிலிருந்து திரும்புகிறார்கள். ஒட்டுக்கேட்டதில் எனக்குக் கழுத்துச் சுளுக்கு.

"குடிய வுட்டாச்சு. பீடியையும் வுடுன்னா நான் இன்னா சாமியாரா?"

"பீடி புடிச்சா குடி நெனப்பும் வரும்னு டாக்டரம்மா சொன்னுச்சில்ல?"

"ஒரு மணி நேரம்கூட தாங்காதும்மா."

"தறியில உக்காந்தா சோத்துக்குதான் எழுந்திருக்கிற. அப்ப மட்டும் எப்டி தாங்குது?"

"பட்டுமேல பொறி பட்டா பொடவையே போச்சே!"

"பொடவைக்காக தாங்குதுல்ல? எனக்காக தாங்காதா?"

அவர் சிரித்துவிட்டார். இடுப்பிலிருந்த பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தூக்கிப் போடு. தீப்பெட்டிய மட்டும் வெச்சிக்க, சாமி வெளக்குக்கு ஆவும்."