அக்கா கடையின் ஐஸ் ரூம்

மளிகைக் கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நிம்மதியாகத் தூக்கம் வரும், ஐயா. அந்த நேரம் பார்த்து ஸ்டேஷனுக்கு வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், கொட்டாவி விட்டால் தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் கிடங்குக்காரரை நீங்கள் பிடித்து வைத்திருப்பது நியாயமில்லை. ஐஸ் ரூம் கதவைப் பூட்டியது அவர்தான், அதை அவரே சொல்லியிருப்பார். ஆனால் அந்தச் சாவுக்கு அவர் காரணம் இல்லை. சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. அப்பா வைத்தது ஒற்றைக் கதவுக் கடை. அவர் போன பிறகு அம்மாவும் நானும் அதில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். தம்பி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். கட்டில்மேல் துணி விரித்துப் பருப்பைக் கொட்டி, கல் பொறுக்கி, சுத்தமாகப் பொட்டலம் கட்டி விற்கலாம் என்பது என் யோசனை. கல் இல்லாத பருப்பு என்று ஊர் முழுக்கப் பேச்சானது. பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை, பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒன்று, பிறகு அடுத்த ஊர், அதற்கும் அடுத்த ஊர். பலகையில் அப்பா பெயர்தான் இருக்கும், ஆனால் ஜனங்கள் சொல்வது அக்கா கடை என்று. எந்தக் கிளைக்குப் போனாலும் முன்பின் பார்த்திராத பெண்கள்கூட என்னை அக்கா என்பார்கள். கல்யாணம், குழந்தை எதுவும் எனக்கு அமையவில்லை. அதற்கு நேரமும் இருக்கவில்லை. வருத்தமும் கிடையாது.

வருத்தம் இல்லை, பயம் உண்டு. கிளை கூடக் கூடப் பயமும் கூடியது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது, இன்றைக்கு ஒருவரும் வரமாட்டார்களோ என்று தெருவை எட்டி எட்டிப் பார்ப்பேன். கடை நிரம்பி வழியும்போதும் பார்ப்பேன். யாரிடமும் சொன்னதில்லை. முதலாளிக்கு உதறல் என்று தெரிந்தால் வேலையாட்கள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள்.

கிளைகள் பெருகியதும் உறைய வைத்த சாமான்களுக்காகக் கிடங்கில் ஐஸ் ரூம் கட்டினோம். வந்த புதிதில் ஒருமுறை, நான் உள்ளே இருப்பது தெரியாமல் யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். மெஷின் இரைச்சலில், கதவருகே நின்றால் தவிர வெளியே எதுவும் கேட்காது. கத்திக் கத்திக் குரல் போய், விரலெல்லாம் மரத்து, இனி அவ்வளவுதான் என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் திறந்தாள். வாசலில் என் செருப்பைப் பார்த்தாளாம்.

அன்றிலிருந்து அதையே எங்கள் வீட்டுச் சட்டமாக்கிவிட்டாள். உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அங்கே வைத்திருக்கும் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். செருப்பு கிடந்தால் யாரும் தாழைத் தொடக் கூடாது. ரூம் கட்டியவர்கள் உள்ளே ஒரு மணி வைக்கச் சொன்னார்கள். செருப்பு இருக்கும்போது மணி எதற்கு, வெட்டிச் செலவு என்று அம்மா மறுத்துவிட்டாள். உள்ளிருந்து தள்ளித் திறக்கும் பிடி ஒன்று உண்டு, அது இந்த மாதம் பனி பிடித்து இறுகிப் போயிருந்தது. மாத ஆரம்ப நெரிசல் முடிந்ததும் வரச் சொல்லி மெக்கானிக்கிடம் சொன்னவள் நான்தான். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை, நம்புங்கள்.

பிறகுதான் தம்பி அந்தப் பேச்சை எடுத்தான். பெரிய கம்பெனி ஒன்று எங்கள் கிளைகள் அத்தனையையும் விலைக்குக் கேட்கிறதாம். சாப்பிடும்போது, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான்.

"போதும்கா. இன்னும் எவ்வளவு நாளைக்கு நீ இப்படி ஓடுவே? வித்துட்டு நிம்மதியா இரு."

அன்பாகத்தான் சொன்னான். அவன் நல்ல பிள்ளை, அதில் சந்தேகமில்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவரும் அக்கா என்று கூப்பிடாத தெருவில் நான் நடந்து போவதை நினைத்துப் பார்த்தேன். உங்களை வேறு ஊருக்கு மாற்றினாலும் நீங்கள் அதிகாரிதான் ஐயா. கடை போனால் நான் யார்?

கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் தான் ஒருமுறை பார்த்துவிடுவதாகவும், ஞாயிறு மத்தியானம் கிடங்குக்கு வருவதாகவும் தம்பி சொல்லியிருந்தான். அந்த நேரத்தில் கிடங்கை மூடினால் மறுநாள் காலைவரை ஆள் நடமாட்டம் இருக்காது. நான் போனபோது ஐஸ் ரூம் வாசலில் அவனுடைய தோல் செருப்பு கிடந்தது. வார் அறுந்து தைத்த செருப்பு, எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். கதவு சும்மா சாத்தியிருந்தது. நான் கதவைத் தொடவில்லை. குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு போய் அலுவலக அறையில் மேசைக்கு அடியில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் குளிரில் இருந்தால் தம்பி மனம் மாறுவான் என்று நினைத்ததாக உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் யோசித்தேன். அது பொய். காலைவரை யாரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கிடங்குக்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். அப்பா காலத்து ஆள். எனக்குத் தலை நரைத்த பிறகும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வழக்கம் போல வாசலைப் பார்த்தார், செருப்பு இல்லை. இருந்தாலும் என் பக்கம் திரும்பினார்.

"பூட்டிடவா பாப்பா?"

"பூட்டுங்கண்ணே."

தாழைப் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார். நானும் வீட்டுக்குப் போயிருக்கலாம், ஆனால் கதவுப் பக்கமே நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. உள்ளங்கையால், விட்டு விட்டு. தம்பி இப்படித் தட்டமாட்டானே, எதையும் முஷ்டியால் குத்துகிறவன் ஆயிற்றே என்று நினைத்தபடி போய்க் கதவோரத்து ரப்பரில் காதை வைத்தேன்.

"பெரியவளே, வெளியில இருக்கியாம்மா? செருப்பு கிடக்குதே, பாக்கலையா?"

அம்மா. தம்பி ஷூ போட்டுக்கொண்டு வேறு வேலையாகப் போயிருக்கிறான், அவனுக்குப் பதிலாக, அவனிடம்கூடச் சொல்லாமல் இவள் வந்திருக்கிறாள். அந்த வாரம் கால் வீங்கி, சொந்தச் செருப்பில் பாதம் நுழையாமல், அவன் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு திரிந்தாள். படகு ஓட்டுறியாம்மா என்று நானே கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

இதுவரைக்கும் ஆள் மாறிப் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளலாம். இனிமேல் சொல்வதை அப்படி எழுத முடியாது. தாழ் என் இடுப்பு உயரத்தில் இருந்தது, ஒரு கையால் தூக்கலாம். தூக்கியிருந்தால் அம்மா நடுங்கிக்கொண்டே வெளியே வந்து, வாசலைப் பார்த்து, செருப்பை யார் எடுத்தது என்று கேட்டிருப்பாள். அவளிடம் எனக்குப் பொய் வராது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன். அப்படி ஒரு பயத்தை நான் என் ஆயுசில் பட்டதில்லை, அந்த ரூமுக்குள் மாட்டிக்கொண்ட அன்றுகூட. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கோபமே இல்லை, சமையலறையிலிருந்து கூப்பிடுவது போலத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். குரல் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை கதவைத் திறந்து அம்மாவைப் பார்த்ததும், செருப்பு கிடந்தும் பூட்டிவிட்டார் என்று நீங்கள் கிடங்குக்காரரைப் பிடித்தது அதனால்தான். அன்று ராத்திரி அம்மா எங்கே என்று தம்பி கேட்டதற்கு, அத்தை வீட்டுக்குப் போயிருப்பாள் என்றேன்.

இப்போது அவன் விற்கும் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா கை பட்ட கடையை அந்நியனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று கம்பெனிக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டான். அம்மா பெயரில் புதுக் கிளை ஒன்று திறக்கப் போகிறோம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. சரக்கு ஏற்றி அனுப்பக் கிடங்குக்காரரை விட்டால் ஆள் இல்லை. அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் திறக்கிற அன்றைக்கு அலமாரியெல்லாம் காலியாக இருக்கும், வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். அந்தப் பயத்தில் எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. அதனால்தான் வந்தேன். அவரை இன்றைக்கே விட்டுவிடுங்கள், என்னை வைத்துக்கொள்ளுங்கள். தம்பியிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம், தாங்கமாட்டான். எங்கள் குடும்பத்தில் எல்லாரையும் பற்றி யோசிக்க நான் ஒருத்திதான் இருக்கிறேன், ஐயா.