ரசாக் வீட்டுக்கு மேல் நின்ற வெளிச்சம்

நம் ஊர் நூலக ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்தும் தலை நிமிர்ந்து அமர்ந்திருக்கும் விசைத்தறிக்கூட உரிமையாளர், மதிப்பிற்குரிய அப்புசாமி ஐயா அவர்களே! அறிவுக்கு ஓர் அறை வேண்டும் என்று அலைந்து திரிந்து இந்த நூலகத்தை எழுப்பிய பெரியோர்களே! காலை முதல் தறிச் சத்தத்தில் காதடைத்து, மாலையில் தமிழ் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! கருமத்தம்பட்டியிலிருந்தும் சூலூரிலிருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான மாலை வணக்கம்!

என் பெயர் மானசா. பேராசிரியர் என்று அறிவித்துவிட்டார்கள், அது பிழை. பம்பு மோட்டார் செய்யும் தொழிற்சாலையில், வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று முத்திரை குத்துகிறவள் நான். பகலில் இரும்பை அளக்கிறேன். மாலையில் மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்து வானத்தைப் பார்க்கிறேன்.

"வானத்தில் இருப்பவை என்ன?" என்பது எனக்குத் தந்த தலைப்பு. அதற்குச் சென்ற தை மாதம் நம் ஊரில் நடந்ததைச் சொல்லவேண்டும். சொல்லலாமா என்று தலைவரிடமே கேட்டேன். "என் பேரைச் சொல்லியே சொல்லுங்க அம்மணி" என்றார். அந்த நெஞ்சுக்கு முதலில் ஒரு கைதட்டல் கொடுங்கள்!

என் பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா தறிக்கூடத்தில் வேலை முடித்து, ஆறே முக்கால் மணிக்கு ஸ்கூட்டியில் வீடு திரும்புவார். ஒரு மாலை, மேற்கே தென்னை மரங்களுக்கு மேல் ஒரு வெளிச்சம். பளீரென்று, அசையாமல், கண் சிமிட்டாமல் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் தன் முதலாளியான அப்புசாமி ஐயாவிடம் சொன்னார்.

"ஏனுங்க, ஒரு வெளிச்சம் கூடவே வருதுங்க. வண்டிய நிறுத்துனா அதுவும் நிக்குது. நான் கெளம்புனா அதுவும் கெளம்புது."

பக்கத்தில் இருப்பதோ விமானப்படைத் தளம். வானில் எது தெரிந்தாலும் நமக்கு ஒரு சிலிர்ப்பு, ஒரு சந்தேகம். ஒருவர் கைபேசியில் படம் பிடித்தார். ஒருவர் "ட்ரோன்" என்று எழுதினார். ஒரே மணி நேரத்தில் ஊர் முழுவதும் வாட்ஸ்அப்பில் அதுதான் பேச்சு.

சரி, யாருடைய ட்ரோன்? ஊரின் மேற்குக் கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தவர் ரசாக். திருமணங்களுக்குப் புகைப்படம் எடுப்பவர். அவரிடம் பறக்கும் கேமரா உண்டு. வெளிச்சமும் அவர் வீட்டுப் பக்கம்தான் நிற்கிறது. வேறு என்ன சாட்சி வேண்டும்?

அம்மா, அங்கே தலையைக் குனியாதீர்கள். அன்று பயந்தவர்களில் நானும் ஒருத்தி.

நான்காம் நாள் மாலை இருபது பேர் அவர் வாசலில் நின்றார்கள். அப்புசாமி ஐயா முன்னால் நின்றார்.

"ஏனுங்க ரசாக்கு, ட்ரோனை எதுக்குங்க மேல உட்டுட்டு இருக்கறீங்க?"

கொங்குத் தமிழ் கோபத்திலும் மரியாதை தரும். ஆனால் அன்று அந்த 'ங்க'வில் ஈரம் இல்லை.

"பேட்டரி உப்பிப்போச்சுங்க. ரெண்டு வாரமா பொட்டிக்குள்ளதான் கெடக்குது" என்று ரசாக் பெட்டியையே எடுத்து வந்து காட்டினார். பெட்டியைப் பறித்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். மறுநாள் காலைக்குள் இரண்டு கல்யாண வீட்டார் முன்பதிவை ரத்து செய்தார்கள். கூட்டம் நின்ற அந்த மாலை, உள்ளே அவர் மனைவி ஷம்சாத், எட்டு மாதக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கதவின் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் என்ன ஆயிற்று? ட்ரோன் அப்புசாமி ஐயா வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கிறது. வெளிச்சமோ மேற்கே அதே இடத்தில் நிற்கிறது! அப்போதாவது புரிந்ததா நமக்கு? "அப்ப இன்னொண்ணு வச்சிருக்கான்" என்றோம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்று ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

ரங்கநாயகி அக்கா என் வீட்டுக்கு ஓடி வந்தார். "மானசா, நான் பாத்ததைத்தான் சொன்னேன் கண்ணு. அந்த மனுசனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. ராத்திரியெல்லாம் அந்தக் கொழந்தை அழுவற மாதிரியே கேக்குது. உன்ற குழாயில அது என்னன்னு பாத்துச் சொல்லு."

என் மேல் எனக்கே கோபம் வந்தது. நாலு நாளாக நான் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை? இரும்பில் ஒரு நூலிழை கூடினாலும் கண்டுபிடிக்கிறவள், ஊரே ஒரு வெளிச்சத்தைக் காட்டிப் பேசியபோது, அதை ஒரு தரம் பார்க்கவில்லையே! தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே ரசாக் வீட்டு வாசலுக்குப் போனேன். கூட்டம் சேர்ந்தது. அப்புசாமி ஐயாவைப் பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தார்.

"இது பெறையில்ல? நிலாவைக் காட்டி ஏமாத்தறீங்களா அம்மணி?"

"நிலா உங்க தலைக்கு மேல நிக்குதுங்க ஐயா."

அவர் நிமிர்ந்தார். நிலவைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார்.

அது வெள்ளி! ஆதி நாள் முதல் நம் உழவர்கள் விடியலில் கண்டு விடிவெள்ளி என்று அழைத்த அதே வெள்ளி, அந்த மாதம் மாலையில் வந்திருந்தது. ஏறத்தாழ நம் பூமி அளவே உள்ள ஓர் உலகம். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அங்கே தரையில் ஈயத்தை வைத்தால் உருகி ஓடும். ஒரு பக்கத்தில் மட்டும் வெயில் படுவதால் நமக்குப் பிறையாகத் தெரிகிறது. அன்றைக்கு அது இருந்தது ஏறத்தாழ ஏழு கோடி கிலோமீட்டர் தூரத்தில். அவ்வளவு தொலைவில் உள்ள ஒன்று, நீங்கள் சூலூர் வரை போனாலும் திசை மாறாது. கூடவே வருவது போலத்தான் இருக்கும்.

மின்னுகிறதே அது விண்மீன். தூரத்தில் இருக்கும் இன்னொரு சூரியன். மின்னாமல் நிற்கிறதே அது கோள். நம் சூரியனைச் சுற்றும் நம் உறவு. கீறிக்கொண்டு விழுகிறதே, அது நட்சத்திரமே இல்லை. காற்றில் உரசி எரியும் கடுகளவு கல். வால் முளைத்து வருகிறதே, அது பனியும் தூசியும் சேர்ந்த உருண்டை. இவற்றில் எது நமக்குப் பகை? எது நம்மை வேவு பார்த்தது?

அப்புசாமி ஐயா வீட்டுக்கு நடந்தார். பெட்டியோடு திரும்பினார். இரண்டு கையாலும் நீட்டினார். "தப்பு பண்ணிப்போட்டேனுங்க" என்றார்.

ரசாக் உடனே வாங்கவில்லை. "மூணு வருசமா இந்த ஊர் கல்யாணத்துக்கெல்லாம் நான்தானுங்க போட்டோ புடிச்சேன். உங்க மகளை மணவறையில அழகாக் காட்டுனதும் நான்தானுங்க. ஒருத்தராவது தனியா வந்து, ஏனப்பா என்ன விசயம்னு கேட்டீங்களா?"

பிறகு ரசாக்கும் தொலைநோக்கியில் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: "இதுக்காகத்தானுங்களா?"

நண்பர்களே, ட்ரோன் வைத்திருந்தவர்கள் நம் ஊரில் மூன்று பேர். மற்ற இரண்டு வீடுகளுக்கு நாம் ஏன் போகவில்லை? வெள்ளியின் மேகத்தைத் துளைத்துப் பார்க்கக் கருவி இருக்கிறது. இந்தக் கேள்விக்கு நம் நெஞ்சைத்தான் துளைத்துப் பார்க்கவேண்டும்.

வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ரத்தான முன்பதிவுகளில் ஒன்று திரும்பி வந்தது, ஒன்று வரவில்லை. ஷம்சாத்துக்கு அந்த வாசலில் நிற்கவே நடுக்கம். இரண்டு மாதத்தில் அவர்கள் கிணத்துக்கடவுக்குக் குடிபோனார்கள். மன்னிப்பு கேட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று யார் சொன்னது?

போன வாரம் அப்புசாமி ஐயா கிணத்துக்கடவுக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. நூலகத்துக்குத் தொலைநோக்கி வாங்கியிருக்கிறோம், நீங்கள்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டார். ரசாக் தன் மனைவியைப் பார்த்தார். ஷம்சாத் கதவின் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து நின்றார்.

"வாரோமுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு உங்க ஊருல புரியாதது ஏதாச்சும் தெரிஞ்சா, என்ன பண்ணுவீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் ஐயாவும் நானும் அதையே யோசித்தோம். அந்தப் பதிலை உங்கள் எல்லோர் சார்பிலும் இப்போது சொல்லப் போகிறேன். ரசாக் அண்ணா, ஷம்சாத், முன்வரிசையில் இருக்கிறீர்கள், கேளுங்கள்.

புரியாதது தெரிந்தால் முதலில் நிமிர்ந்து பார்ப்போம். பிறகு தெரிந்தவரைக் கேட்போம். ஓர் ஆள் மேல் சந்தேகம் வந்தால், இருபது பேராகப் போகமாட்டோம். ஒருவராகப் போவோம். கதவைத் தட்டுவோம். உட்கார்ந்து கேட்போம். செய்வோமா? சத்தம் போதாது, அந்தக் கடைசி வரிசை! செய்வோமா?

செய்வோம்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தன் பிழையை மேடையில் வைக்கத் துணிந்த தலைவருக்கும், எங்களை நம்பி மறுபடியும் இந்த ஊருக்குள் காலெடுத்து வைத்த அந்தக் குடும்பத்துக்கும் நன்றி. கிழக்கே வியாழன் ஏறிவிட்டது. தொலைநோக்கியில் அதன் நாலு நிலாக்கள் பக்கத்திலேயே தெரியும். ஷம்சாத், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாங்க, முதலில் நீங்கள். மற்றவர்கள் வரிசையில் நில்லுங்கள்.

வணக்கமுங்க.