வியாழக்கிழமை வகுப்பை நிறுத்தச் சொன்னது யார்?

துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, நூலக ஊழியர்களே, மாணவர்களே, தாயை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மகளே, உங்கள் அனைவரின் துயரத்திலும் நானும் பங்குகொள்கிறேன்.

நம் நூலகர் அம்மையாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'எங்க பாத்த மேடம்'. யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். முப்பது ஆண்டு நிருபரான என்னை மட்டும் விட்டாரா? இந்த வளாகத்து விடுதிக் குடிநீரைப் பற்றி நான் எழுதிய செய்தியைத் தன் வியாழக்கிழமை வகுப்பில் திரையில் போட்டு, அதில் சொன்ன ஆய்வறிக்கையைத் தேட வைத்தார். மூன்று பத்திரிகைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தோம். அறிக்கையை ஒருவரும் பார்க்கவில்லை. அது வேறொரு கல்லூரியைப் பற்றியது. போனில் கொதித்தேன்.

"கோவப்படுங்க சார், வேணாம்னு சொல்லல. திருத்தம் போட்டுட்டுக் கோவப்படுங்க" என்றார்.

போட்டேன். அன்று முதல் நானும் அவர் மாணவன்.

இப்போது உங்கள் கையிலுள்ள இரங்கல் குறிப்புக்கு வருகிறேன். தகவலைத் தேடிச் சரிபார்க்கக் கற்றுத்தரும் அந்த வகுப்பை, உடல்நலம் கருதி நிறுத்திவிடும்படி அவரே கடிதம் கொடுத்ததாகக் கடைசிப் பத்தி சொல்கிறது. கடிதத்தை யார் பார்த்தது?

கூட்டத்துக்கு முன் அலுவலகத்தில் கேட்டேன். "சுற்றறிக்கையில இருக்கு சார்" என்றார்கள். சுற்றறிக்கை, கல்விக்குழுவின் சென்ற கூட்டக் குறிப்பைக் காட்டுகிறது. கூட்டக் குறிப்பு என்ன சொல்கிறது? 'சுற்றறிக்கை வரைவின்படி' என்கிறது. கடிதம் எங்கும் இல்லை.

மகளிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயும் அம்மா பேப்பர்தான் திருத்திட்டு இருந்தாங்க அங்கிள். அடுத்த பருவ வகுப்புக்குப் பெரிய ரூம் கேட்டு மெயில் போட்டாங்க, பாருங்க" என்றார். பார்த்தேன். அவர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, பதிவாளருக்கு அனுப்பியது.

யார் மீதும் பழி சுமத்த நான் வரவில்லை. இதே தவறைச் செய்தவன் நான். ஆனால் நாளைக் காலை கல்விக்குழு அந்தப் பத்தி சொல்லும் கடிதத்தை நம்பித்தான் வகுப்பை நீக்க வாக்களிக்கப் போகிறது. துணைவேந்தர் அவர்களே, கடிதம் இருந்தால் இங்கேயே காட்டுங்கள். மன்னிப்புக் கேட்டு இறங்கிவிடுகிறேன்.

காத்திருக்கிறேன்.

பதிவாளர் இல்லை என்று தலையசைக்கிறார். எல்லார் முன்னும் அதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி, ஐயா. அதையே நாளை கல்விக்குழுவிலும் சொல்லுங்கள்.

அப்படியானால், நண்பர்களே, வியாழக்கிழமை பத்து மணிக்கு வகுப்பு உண்டு. புதிய நூலகர் வரும்வரை நான் வருவேன். பாடம் நடத்தத் தெரியாது. என் பழைய செய்திகளைக் கொண்டுவருகிறேன். தவறுகளை நீங்கள் கண்டுபிடியுங்கள். ஒரு பருவத்துக்குத் தாராளமாகப் போதும்.