ஒரு தடவை அடித்த ஹாரன்

என் பெயர் ஜெர்சன், வயது 36, தகப்பனார் பெயர் செலஸ்டின். கட்டபெட்டு பஸ் நிறுத்தத்துக்குக் கீழே குடியிருந்து, அங்கேயே ஒர்க்‌ஷாப் வைத்து டீசல் வண்டிகளுக்கு வேலை பார்க்கிறேன். என்னை யாரும் அனுப்பவில்லை, இந்த ஸ்டேஷனுக்கு நானாகவே வந்திருக்கிறேன். ஆண்டாயி அக்கா வண்டி ஏறி இறந்ததில் அவருடைய வீட்டுக்காரர் ராஜரத்தினம் அண்ணன், வண்டியில் இருந்தது தான்தான் என்று எழுதிக் கொடுத்திருப்பது பொய். அன்று ஹாரன் அடித்தது நான்.

ராஜரத்தினம் அண்ணன் சின்ன வயதில் சிலோனில் இருந்து வந்தவர். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே சரிவில் வீடு. 1999 மாடல் டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். நாலு வருடமாக அந்த வண்டி காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் செல்ஃபில் பிடிக்காது. அதனால் வாசல் இறக்கத்தில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்து வைப்பார். காலையில் அவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒரு தடவை ஹாரன் அடிப்பார், அக்கா வந்து கல்லை எடுப்பார், வண்டி உருண்டதும் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இது லைனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

இந்த மாதம் 9ஆம் தேதி அண்ணன் வண்டியை என்னிடம் கொண்டு வந்து, "அவளுக்கு முட்டி வலி தம்பி, குனிஞ்சு கல்லை எடுக்க முடியாம செவுத்தப் புடிச்சிக்கிட்டு எந்திரிக்கிறா. சாவியிலேயே புடிக்கிற மாதிரி பண்ணிக் குடு" என்றார். வேறு இடத்தில் டீசல் பம்ப் போய்விட்டது என்று சொல்லியிருந்தார்களாம். நான் அதை நம்பவில்லை. மத்தியானத்தில் நன்றாகப் பிடிக்கிற வண்டிக்குப் பம்ப் எப்படிப் போகும்? குளிரில் இன்ஜினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்குக்குப் போகிற ஒயரில் பல்பு வைத்துப் பார்த்தேன், எரியவில்லை, அதற்குக் கரன்ட் விடுகிற ரிலே செத்திருந்தது. அதன்பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்ததில் நாலில் மூன்று கருகியிருந்தன. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டேன். ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுபட்டுப் பிடிக்காமல் போயிருந்தது, புதுசு கோயமுத்தூரில் இருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் கல்லு இருக்கட்டுங்கண்ணா" என்று நான்தான் சொன்னேன்.

ஷெட்டில் பிடித்தால் அது கணக்கே இல்லை, ராத்திரி பூரா பனியில் நின்ற வண்டி விடிந்ததும் பிடித்தால்தான் வேலை முடிந்தது என்பது என் வழக்கம். அதன்படி 11ஆம் தேதி காலை ஆறே கால் மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். வண்டி சரியானதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, அவளே பார்க்கட்டும் என்றார் அண்ணன். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டு, ஹீட்டர் லைட் அணைகிற வரை பொறுத்துத் திருப்பினேன். ஒரே செல்ஃபில் பிடித்தது. அண்ணன் சிரித்தார், "இரு, கூட்டிட்டு வந்து காட்டுறேன்" என்று சமையல்கட்டுக்குப் போனார்.

அதன்பிறகு பேட்டரியில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க ஹாரனை ஒரு தடவை அமுக்கினேன். எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் என் கை தானாகச் செய்வது. வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் பேருக்கு இழுத்துவிட்டு, கேபிள் இன்னும் வராததால் கல்லை நம்பி இறங்கி, புகை என்ன நிறம் என்று பார்க்கப் பின்னால் போனேன். அக்கா சமையல்கட்டில் இல்லை. வீட்டுக்குப் பக்கவாட்டில் குழாயடியில் இருந்திருக்கிறார். குடத்தை வைத்துவிட்டு வந்து கல்லை எடுத்துவிட்டார். பிரேக்கில் கால் இருக்கும் என்றுதானே நினைத்திருப்பார். முட்டி வலியில் சட்டென்று எழுந்து விலக அவரால் முடியவில்லை. நான் ஓடி உள்ளே தாவிப் பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி உருண்டு அக்கா மேல் ஏறிவிட்டது.

ஓடிக்கொண்டிருந்த அதே வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அண்ணன் மடியில் அக்காவின் தலை இருந்தது. போகிற வழியில் அக்கா, "கல்லு எடுக்கு முன்னமே இன்ஜினு ஓடிச்சே" என்றார். அண்ணன், "இனிமே ஒனக்கு அந்த வேல இல்ல புள்ள" என்றார். அதற்குப் பிறகு அக்கா பேசவில்லை.

அக்கா இறந்துவிட்டார் என்று டாக்டர் சொன்னபின் அண்ணன் என்னைச் சுவர் ஓரமாக இழுத்து, "வண்டியில இருந்தது நான், ஹாரன் அடிச்சது நான். ஒனக்குப் புள்ளைங்க இருக்கு, ஊட்டுக்குப் போ" என்றார். நான் போனேன். நாலு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அக்காவின் தம்பி தங்கவேலு, "சண்டை போட்டு என் அக்காவை வண்டி ஏத்திக் கொன்னுட்டான்" என்று அண்ணன் மேல் புகார் கொடுத்ததும், அண்ணனை ஜெயிலுக்கு அனுப்பியதும் தெரிந்தும் இருந்தேன். அவர்களுக்குள் சண்டை இல்லை ஐயா. அந்த முட்டிக்காகத்தான் வண்டி வேலைக்கே வந்தது.

நேற்றுக் காலை இந்த ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். கேஸுக்காகப் பிடித்து வைத்திருந்த அந்த வண்டியை ஓரமாக விட ஏட்டையா ஏறிச் சாவியைத் திருப்பினார். ராத்திரி பூரா பனியில் நின்ற வண்டி, ஒரே செல்ஃபில் பிடித்தது. டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) செ. ஜெர்சன்
16.01.2025