நிருபர் காட்டிய கை

கொல்கத்தாவில், அலிப்பூர் கோர்ட்டுக்குப் போகும் பேருந்து. முன் இருக்கையில் ஒரு தம்பதி தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாடிவீட்டு நிருபர் காணாமப் போன அன்னிக்கு எனக்குக் கையக் காட்டினாருங்க. நானும் டாட்டா காட்டினேன்," என்றார் மனைவி.

"எங்கேயிருந்து?"

"கார்லேருந்து. கூட ரெண்டு பேரு இருந்தாங்க. குளத்தை மூடி வீடு கட்டுறவங்களப் பத்தி எழுதுறவராச்சே, அந்த வேலையாப் போறாருன்னு நினைச்சேன்."

"சிரிச்சாரா?"

"சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

மனைவி ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். "இப்படித்தான் வச்சாரு. அசைக்கவே இல்லை. போயிட்டு வரேன் அக்கான்னு சொன்னாரா, இல்ல என்னை உதவிக்குக் கூப்பிட்டாரா?"

கணவர் அந்தக் கையைக் கண்ணாடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டார். "கோர்ட்ல கேட்டா, நீ பார்த்ததை மட்டும் சொல்லு."

"என்ன பார்த்தேன்னுதாங்க தெரியலை."