தேர் சுமாக்கில் ஓர் அடக்கம்

— மெதுவா எறக்குடா மித்ரி, உள்ள அப்பா உருண்டுடப் போறாரு.

— சரி நக்லேண்ணே. கீழ காவல் வாசல்ல அந்தச் சிப்பாய் சவப்பெட்டியைத் தட்டினான் பாரு, எனக்கு உசுரே போயிடுச்சு.

— தட்டினா என்ன, பொணம் பதில் சொல்லவா போகுது? மூடியைத் தொற.

— அப்பா, எந்திரிங்க. நம்ம தேர் சுமாக் ஊருக்கு வந்துட்டோம்.

— அடப் பாவிங்களா, ஏத்தத்துல ஒவ்வொரு கல்லுலயும் இடிச்சீங்களே. செத்தவனுக்கும் கொஞ்சம் மரியாதை உண்டுடா. கையைக் குடு.

— பாத்து வாங்கப்பா.

— இதுவா ஊரு? வெறும் பைன் மரமா நிக்குது.

— வீட்டையெல்லாம் இடிச்சுட்டு மேல மரத்த நட்டுட்டானுங்கப்பா. மாதா கோயில் மட்டும் நிக்குது, கூரை இல்லாம.

— இடிச்சத எனக்கே சொல்றியா நக்லே? எதிர்மலையில நின்னு பாத்தவன் நான். ரெண்டு வாரத்துல திரும்பிடலாம்னு சொல்லித்தான் பட்டாளத்தான் எங்களை வெளிய அனுப்பினான். வெடி வெடிக்க வெடிக்க உங்க தாத்தா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாரு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல. பொதைக்கறதுக்குன்னு அவரு பொணத்தத்தான் மொதல்ல உள்ள விட்டான்.

— உசுரோட வரக்கூடாது, பொணமா வரலாம். என்ன சட்டமோ.

— பொணம் நிலம் கேக்காதுல்ல, அதான். டேய் மித்ரி, அந்தச் சப்பாத்திக்கள்ளிக்குப் பின்னால பாரு. எங்கம்மா ரொட்டி சுட்ட அடுப்பு. அதுதான்டா நம்ம வீடு.

— பாத்தாச்சுல்லப்பா? பொதைக்க வர்றவங்களுக்கு இருட்டற வரைக்கும்தான் அனுமதி, கீழ எறங்கணும்.

— அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உள்ள வந்தது ரெண்டு ஆளும் ஒரு பொணமும். இப்ப மூணு பேரா எப்படி எறங்கறது?

— திரும்பப் பெட்டியிலயே...

— பொதைக்கப் போன பொணம் திரும்பி வருமா? சிப்பாய் கேட்டா என்ன சொல்லுவே, எடம் புடிக்கலன்னு வந்துட்டாருன்னா?

— உள்ள நுழையறதத்தான் யோசிச்சேன். கண்ணு மூடறதுக்குள்ள ஊரைப் பாக்கணும்னு இவரு உசுர வாங்கினாரு, எனக்கு வேற எதுவும் ஓடல.

— எதுக்குடா சண்டை? எல்லாத்தையும் யோசிச்சுத்தான் நான் பெட்டியில படுத்தேன்.

— அப்ப சொல்லுங்கப்பா.

— குழி தோண்டி வெறும் பெட்டியைப் பொதைங்க. மேல ஒரு சிலுவைய நடுங்க. வாசல் தாண்டும்போது நல்லா அழுங்க.

— நீங்க?

— கோயில்ல படுத்துக்கறேன்.

— பனி கொட்டுதுப்பா. கூரை இல்ல, மாத்திரை இல்ல. மூணு நாள் தாங்க மாட்டீங்க.

— தாங்கலன்னா நீங்க சொன்ன பொய் நெசமாயிடும். நல்லதுதானே?

— விளையாடாதீங்கப்பா. மாட்டினா மாட்டட்டும், மூணு பேரும் சேந்தே எறங்குவோம்.

— நான் செத்தவன்டா மித்ரி, எனக்கு அனுமதி இருக்கு. உசுரோட இருக்கற உங்களுக்குத்தான் இங்க எடமில்ல. கெளம்புங்க.